கோப்பையின் காது

வெள்ளைப் பெட்டிகள் இரண்டு வந்து இறங்கியபோது, முத்திரைக்காரர் வாசலில் நின்றே கையெழுத்துப் போட்டு வாங்கினார். வாங்கிய கையோடு ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்து, "ரெண்டும் ஒரே எடை" என்று தீர்ப்புச் சொன்னார். முப்பத்தொரு வருஷப் பழக்கம். எடை அளவுத் துறையில் ஆய்வாளர் அவர். கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து, சரியானதற்கு முத்திரை குத்துவார், சரியில்லாததற்கு அரக்கு வைத்துப் பூட்டுவார். இரண்டு கிராம் குறைந்ததற்காக ஒரு காய்கறிக்காரரின் கடையை நட்டநடுப் பகலில் மூட வைத்தவர். அந்தக் காய்கறிக்காரர் இன்றும் அவரைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் கடந்து போவார்.

பெட்டிகளை அனுப்பியது பெருங்குடல் முன்னறி நிலையம். ஐம்பது வயதைக் கடந்த எல்லாருக்கும் அனுப்புகிறார்கள். ஊசி இல்லை, கத்தி இல்லை, குழாய் இல்லை. காலைக் கடனைப் பெட்டிக்குள் இருக்கும் கிண்ணத்தில் கழித்து மூடி அனுப்பினால் போதும். அதில் உதிர்ந்திருக்கும் மரபணுவைப் படித்து, குடலுக்குள் புற்றுநோய் குடியேறியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். மூடியின் மேல் கொட்டை எழுத்தில் 'துல்லியம்' என்று மட்டும் அச்சடித்திருந்தது. எவ்வளவு துல்லியம் என்பது அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் எழுத்தில் இருந்தது. முத்திரைக்காரரிடம் பூதக்கண்ணாடி இருந்தது.

"நோய் இருக்கற நூறு பேர்ல தொண்ணூத்திரண்டு பேரைக் கண்டுபிடிக்குமாம்."

"நல்லதுதானே" என்றாள் மனைவி. அவள் பள்ளிக்கூடத்து நூலகர். புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களை இருபது வருஷம் கழித்தும் அடையாளம் காட்டுவாள்.

"மிச்ச எட்டுப் பேரு?"

"அவங்களுக்குக் கடிதம் போகும், 'ஒண்ணுமில்ல, சந்தோஷமா இருங்க'ன்னு."

"நோய் இல்லாத நூறு பேர்ல பதிமூணு பேருக்கு இருக்குன்னு சொல்லுமாம்."

"அவங்களுக்கும் கடிதம் போகும். ஏங்க, முப்பத்தொரு வருஷமா ஊரையே நிறுத்துப் பாத்தீங்க. இப்ப உங்களை ஒருத்தன் நிறுத்துப் பாக்கறான்னதும் இவ்வளவு கேள்வியா? போங்க, போய் உக்காருங்க."

இருபத்துநான்கு படி விளக்கக் குறிப்பு. முத்திரைக்காரர் ஒவ்வொரு படியையும் முடித்தபின் பென்சிலால் சரி போட்டார். பதினொன்றாம் படியை அவர் முடித்த விதத்தை இங்கே எழுதுவதற்கில்லை. சரி மட்டும் போட்டிருந்தது. இருவர் பெட்டியும் ஒரே நாள், ஒரே வண்டியில் போயின. மூன்று மாடி இறங்கிக் கொடுத்துவிட்டு வந்த மனைவி, திரும்பி ஏறும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "வயசாயிடுச்சு" என்றாள். அவரும் அதை ஒத்துக்கொண்டார். அதற்குத் தராசு எதுவும் தேவைப்படவில்லை.

இருபது நாளில் முடிவு வந்தது. மனைவிக்குப் பச்சைத் தாள்: 'இல்லை.' அவருக்கு இளஞ்சிவப்புத் தாள்: 'உண்டு.' கீழே ஒரு குறிப்பு: 'உண்டு என்பதற்கு உண்டு என்று பொருள் கொள்ள வேண்டாம். குழாய் மூலம் குடலை நேரில் பார்த்தே உறுதி செய்ய இயலும். மேல் நடவடிக்கைக்கு நிலையத்தை அணுகவும்.'

மனைவி பச்சைத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். இளஞ்சிவப்பை இரண்டு முறை படித்தாள். சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். பிறகு அங்கிருந்தே, "நாளைக்கே போறோம்" என்றாள்.

நிலையம் புதுக் கட்டடம். நுழைந்ததும் ஒரு நீள மேசை. மேசையின் நடுவில் கண்ணாடிபோல் மின்னும் ஒரு வெள்ளிக் கோப்பை, இரண்டு பக்கமும் யானைக்காது போன்ற பிடிகளோடு. 'துல்லியத்துக்கான முதற்பரிசு' என்று பொறித்திருந்தது. கோப்பைக்குப் பின்னால், அது மறைத்தது போக மீதி தெரிந்தபடி, வரவேற்பாளர் உட்கார்ந்திருந்தாள்.

"குழாய் விட்டுப் பாக்கணும்மா. உண்டுன்னு வந்திருக்கு" என்றார் முத்திரைக்காரர்.

அவள் பதறிப்போனாள். "மெதுவாப் பேசுங்க சார். குழாயா? அதுக்கு இயக்குநர் அனுமதி வேணும்."

"எத்தனை பேருக்குக் குடுத்திருக்காரு?"

"இந்த வருஷமா சார்? இந்த வருஷம் ரொம்ப நல்ல வருஷம் சார். ஒருத்தருக்கும் குடுக்கல."

இயக்குநரின் அறையில் சுவரெங்கும் வளைகோடுகள், எல்லாம் மேல்நோக்கி. அவர் எழுந்து வந்து முத்திரைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரங்கல் வீட்டுக்கு வந்தவர்போல் மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார்.

"நான் உங்ககிட்ட மனசு விட்டுப் பேசறேன் சார். போன வருஷம் எங்களுக்கு அனுபவம் பத்தாது. 'உண்டு'ன்னு வந்த நூறு பேருக்குக் குழாய் விட்டோம். என்ன ஆச்சு தெரியுமா? பெரும்பாதிப் பேருக்கு உள்ள ஒண்ணுமே இல்ல! எவ்வளவு பெரிய அவமானம்! நாங்க உண்டுன்னு எழுத்துல குடுத்திருக்கோம், அவங்க குடல் சுத்தமா இருக்கு. அதைவிட மோசம், 'இல்லை'ன்னு சொன்ன சில பேரு வெளிய எங்கயோ போய்க் குழாய் விட்டுக்கிட்டாங்க. அதுல ரெண்டு பேருக்கு இருந்துடுச்சு. நன்றி இல்லாத ஜனங்க. எங்க துல்லியம் அப்படியே சரிஞ்சுது சார். இந்தக் கோட்டைப் பாருங்க. அப்பதான் ஒரு உண்மை விளங்குச்சு: தப்பு பரிசோதனையில இல்ல, பாக்கறதுலதான் இருக்கு. குழாயை நிறுத்தினோம். வெளியயும் எங்க சீட்டு இல்லாம யாரும் குழாய் விடக்கூடாதுன்னு உத்தரவு வாங்கிட்டோம். அன்னைலேர்ந்து இன்னைவரைக்கும் ஒரே ஒரு தப்புகூட நிரூபிக்கப்படல. கோப்பையைப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்" என்றார் முத்திரைக்காரர். "அப்ப எனக்கு இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியறது?"

"இன்னொரு பெட்டி அனுப்புங்க."

இன்னொரு பெட்டி போனது. இருபது நாளில் பச்சைத் தாள்: 'இல்லை.' முத்திரைக்காரர் அதை முந்தைய தாளின் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே பொருளை ஒரே தராசு இரண்டு முறை இரண்டு விதமாக நிறுத்தால் அந்தத் தராசை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். நிலையத்துக்கும் தெரிந்திருந்தது: மூன்றாவது பெட்டி. அது 'உண்டு.' மூன்றில் இரண்டு 'உண்டு' என்றால் குழாய்க்கு அனுமதி கிடைக்கும் என்று நம்பி அவர் ஓடினார். அங்கே, சுற்றறிக்கை திருத்தப்பட்டு ஐந்தில் மூன்று ஆகியிருந்தது. நான்காவது, 'இல்லை.'

நான்கு மாதம் இப்படிக் கழிந்தது. வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் கதவில் பச்சையும் இளஞ்சிவப்புமாய்த் தாள்கள் தொங்கின. முத்திரைக்காரர் எடை குறைந்துவிட்டாரா என்று தினமும் காலையில் ஏறி நின்று பார்த்தார். முந்நூறு கிராம் குறைந்த அன்று வேலைக்குக் கிளம்பவில்லை. மனைவி அவர் செருப்பைக் கழற்றியிருந்ததைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் போனார். தனக்குப் பின் ஓய்வூதியம் யாருக்கு, எந்தக் கோப்பு எந்த அலமாரியில் என்று வரிசையாக ஒரு தாளில் எழுதி அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிப் பார்த்து, "கையெழுத்து நல்லா இருக்கு" என்று சொல்லிக் கிழித்துப் போட்டாள்.

ஒருநாள் நிலையத்தில் கழிப்பறை தேடிப் போனவர், கதவு மாறி வேறொரு அறைக்குள் நுழைந்துவிட்டார். பிளாஸ்டிக் உறை சுற்றி ஒட்டிவைத்த இரண்டு பெரிய இயந்திரங்கள். நடுவே ஒரு நாற்காலியில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் குழாய் டாக்டர்.

"நோயாளியா?" என்று அவர் துள்ளி எழுந்தார். "அனுமதிச் சீட்டு இருக்கா?"

"இல்ல."

டாக்டர் மறுபடி உட்கார்ந்தார். "எட்டு மாசமா தினமும் காலையில வந்து தூசி துடைக்கறேன் சார். உள்ள பாக்காம எதுவும் சொல்ல முடியாதுன்னு ஆறு வருஷம் படிச்சேன். இங்க என்னடான்னா, பாத்தா எதுவும் சொல்ல முடியாதுங்கறாங்க."

"வேற வழியே இல்லையா டாக்டர்?"

"ஒண்ணு இருக்கு. விதி பதினாலு. பெட்டியில இருக்கறது கெட்டுப்போச்சு, பரிசோதிக்க லாயக்கில்லைன்னு எழுத்துல வந்துட்டா, யாரையும் கேக்காம நேரா எங்கிட்ட அனுப்பணும். ஆனா அவங்க எதையும் கெட்டுப்போச்சுன்னு எழுதவே மாட்டாங்க. எழுதினா துல்லியம் குறையும்."

முத்திரைக்காரர் விதி எண்ணைச் சட்டைப்பையில் இருந்த சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எதற்கு என்று அப்போது அவருக்குத் தெரியாது.

ஐந்தாவது பெட்டியை நேரிலேயே கொண்டுவரச் சொல்லி அழைப்பு வந்தது. அழைப்பில் தங்க விளிம்பு. நிலையத்துக்கு இரண்டாவது கோப்பை கிடைத்திருக்கிறது. முதல் கோப்பை வந்த நாளிலிருந்து 'உண்டு' என்று வரும் முடிவுகள் பாதியாகக் குறைந்துவிட்டனவாம். புற்றுநோயே நிலையத்தைக் கண்டு பின்வாங்குகிறது என்று அழைப்பில் போட்டிருந்தது. விழாவில் 'அதிகப் பெட்டிகள் அனுப்பிய குடிமகன்' என்ற முறையில் முத்திரைக்காரர் இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

விழா அன்று அவர் தன் தோல்பையோடு கிளம்பினார். உள்ளே சோதனை எடைக்கற்கள், அரக்கு, முத்திரை.

"இன்னைக்கு லீவு போட்டுருக்கீங்க. கல்லு எதுக்கு?" என்றாள் மனைவி.

"எனக்குத்தான் லீவு. பைக்கு இல்ல."

"தினமும் தூக்கித் தூக்கி ஒரு தோளே இறங்கிப்போச்சு. வாங்க, வாங்க."

கூடத்தில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தார்கள். நீள மேசைக்கு வந்து முத்திரைக்காரர் பெட்டியை நீட்டினார். கோப்பைக்குப் பின்னால், ஒட்டினாற்போல் எடை பார்க்கும் இயந்திரம். இத்தனை நாளும் கோப்பை மறைத்ததாலும் பெட்டிகள் வண்டியில் போனதாலும் அவர் அதைப் பார்த்ததே இல்லை. வரவேற்பாளர் பெட்டியை வாங்கித் தட்டில் வைக்கப் போனாள்.

"இரும்மா" என்றார் முத்திரைக்காரர். "தட்டுல ஒண்ணுமே இல்ல. நாப்பதுன்னு காட்டுது."

"அது எப்பவும் அப்படித்தான் சார். காலையில எட்டு மணிக்கு சைபர்லதான் இருக்கும். ஒம்பதரைக்கு மேல நாப்பது ஆயிடும். மெஷின் சூடாயிடுதுன்னு நினைக்கறேன்."

"ஒம்பதரைக்கு என்ன நடக்குது?"

"ஒண்ணும் நடக்கல சார். அலமாரியிலேர்ந்து கோப்பையை எடுத்து வைப்பேன். வர்றவங்க கண்ணுல முதல்ல படணும்னு சுற்றறிக்கை."

முத்திரைக்காரர் குனிந்தார். கோப்பையின் இடது காது தட்டின் விளிம்பில் லேசாகச் சாய்ந்திருந்தது. பிள்ளையின் தோளில் கை போட்டு நிற்கும் பெரிய மனிதரைப் போல, மிக உரிமையோடு.

அவர் நிமிர்ந்தார். "எடையை வச்சு என்ன பண்ணுவீங்க?"

"எடைக்குத் தக்கபடி மருந்துத் தண்ணி ஊத்துவோம் சார். அப்பதான் மரபணு கெடாம இருக்கும்."

"எடை அதிகமாக் காட்டினா?"

"அதிகமா ஊத்துவோம்."

"அதிகமா ஊத்தினா?"

அவள் யோசித்தாள். "நீர்த்துப்போகும். தேடறது கண்ணுல படாது. ஆனா அதனால இதுவரைக்கும் யாரும் புகார் பண்ணினதில்ல சார். இல்லைன்னு வந்தா யாரு சார் புகார் பண்ணுவா?"

முத்திரைக்காரர் பையைத் திறந்து நூறு கிராம் பித்தளைக் கல்லை எடுத்துத் தட்டில் வைத்தார். நூற்று நாற்பது. எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். நூற்று நாற்பது. அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டார். இரண்டு கிராமுக்கு ஒரு மனிதரை நடுத்தெருவில் நிறுத்தியவர் அவர்.

"கோப்பை எப்ப வந்துச்சு?"

"எட்டு மாசம் ஆச்சு."

அவர் அரக்கை எடுப்பதற்குள் செய்தி போய், இயக்குநர் பேச்சுத் தாளோடு ஓடி வந்தார். கல்லைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். கோப்பையை நகர்த்த மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

"சார், உணர்ச்சிவசப்படாதீங்க. நாப்பது கிராம் என்ன பெரிய விஷயம்? எட்டு மாசமா எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே நாப்பது கூட்டியிருக்கோம்? பாரபட்சம் இல்லையே! அதுதான் சார் துல்லியம். இன்னொண்ணு சொல்றேன்." குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு உங்களுக்குக் குழாய். நானே கையெழுத்துப் போடறேன். உங்க ஒருத்தருக்கு மட்டும். கல்லைப் பையில போட்டுட்டு மேடைக்கு வாங்க, ரெண்டு வார்த்தை பேசுங்க."

நான்கு மாதமாகக் கேட்டது இதைத்தான். முத்திரைக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"வாங்கிக்கோங்க" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. "முதல்ல உங்க உடம்பைப் பாருங்க. தராசு எங்கயும் ஓடிடாது. உங்க நேர்மையை நாளைக்கு மத்தியானத்துக்கு மேல வச்சுக்கலாம்."

அவர் தலையசைத்தார். கல்லை எடுக்கக் கை நீட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டை தேடிக் கைப்பையைத் திறந்தாள். உள்ளே, நான்காக மடித்து ஓரம் தேய்ந்துபோன பச்சைத் தாள் எட்டிப் பார்த்தது.

முத்திரைக்காரரின் கை நின்றது.

"உன் பெட்டியும் இந்தத் தட்டுல ஏறினதுதானே?"

"எது?"

"உன் பெட்டி. நம்ம ரெண்டு பெட்டியும் ஒரே வண்டியில போச்சே."

"எனக்கென்னங்க? எனக்குத்தான் இல்லைன்னு வந்துடுச்சே."

"அதைத்தான் சொல்றேன்" என்றார் அவர். தீக்குச்சியைக் கிழித்தார்.

அரக்கு உருகி, கூடம் முழுக்க ஒரு வாசனை பரவியது. முதல் சொட்டு இயந்திரத்தின் பொத்தான்மேல் விழுந்தது. முத்திரை இறங்கியது. பிறகு மேசையில் இருந்த தங்க விளிம்பு அழைப்பிதழைத் திருப்பி, பின்பக்கத்தில் தன் மணிமணியான கையெழுத்தில் எழுதினார்: 'இத்தராசு நாற்பது கிராம் கூடுதலாகக் காட்டுகிறது. கடந்த எட்டு மாதங்களில் இதில் நிறுக்கப்பட்ட மாதிரிகள் எவையும் பரிசோதிக்க லாயக்கானவை அல்ல. இதன் நகல் குழாய் டாக்டருக்கு, விதி பதினான்கின்படி.'

"விதி பதினாலா?" என்ற இயக்குநருக்கு நிறம் மாறியது. "எட்டு மாசம்... சார், அது நாலாயிரத்துச் சொச்சம் பேரு சார்!"

"ரெண்டு வார்த்தை பேசச் சொன்னீங்களே" என்றார் முத்திரைக்காரர். "பேசிட்டேன்."

அடுத்த வாரத்திலிருந்து நிலையத்து வாசலில் வரிசை நின்றது. முந்தின நாளே வயிற்றைக் கழுவ மருந்துத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கழிப்பறை இருக்கும் திசையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குழாய் டாக்டர் இயந்திரங்களின் பிளாஸ்டிக்கைக் கிழித்த சத்தம் வெளியே கேட்டதாகச் சொல்வார்கள். வரிசையில் இருபதாவது ஆளாக அந்தக் காய்கறிக்காரர் நின்றார். முத்திரைக்காரரைக் கண்டு எதிர்ப்பக்கம் கடந்துபோகத்தான் பார்த்தார், ஆனால் வரிசையை விட மனம் வரவில்லை. "நாப்பது கிராமாமே" என்றார். "எங்கிட்ட ரெண்டுதானே இருந்துச்சு?" முத்திரைக்காரர் தலை குனிந்துகொண்டார்.

அவருக்குக் குழாய் போனது. டாக்டர் இண்டு இடுக்கு விடாமல் பார்த்தார். ஒன்றுமில்லை. ஒரு பருகூட இல்லை. "பச்சைப்பிள்ளைக் குடல் சார்" என்றார். நான்கு மாதம் செத்துச் செத்துப் பிழைத்தவர், சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, மனைவியை உள்ளே அனுப்பினார்.

அவள் வர நேரமாயிற்று. பத்து நிமிஷம், அரை மணி. கடைசியில் டாக்டர்தான் வந்தார். கையுறையைக் கழற்றாமலே வந்தார்.

"கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சதைமொட்டு. ரத்தம் கசிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. மாடி ஏறினா மூச்சு வாங்குமா அவங்களுக்கு?"

 இரண்டாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றது முத்திரைக்காரர் கண்முன் வந்தது. வயசாயிடுச்சு என்றாள். இவரும் ஆமாம் என்று ஒத்துக்கொண்டார்.

"வெட்டி எடுத்துட்டேன். இன்னும் புற்றாகல, அந்தப் பக்கம் காலெடுத்து வச்சிருக்கு. இன்னும் ஒரு ரெண்டு வருஷம் அந்தப் பச்சைத் தாளை நம்பியிருந்தா..." டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "தண்ணி குடிங்க சார். உக்காருங்க."

ஆறு வாரம் போயிற்று. இரும்புச்சத்து மாத்திரையும் திட்டும் வசவுமாக மனைவி பழைய நிலைக்கு வந்தாள். நிலையம் மூடப்பட்டிருக்கும், இயக்குநர் வேலை இழந்திருப்பார் என்று முத்திரைக்காரர் நம்பிக்கொண்டிருந்தார். எடை அளவுத் துறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவருக்கு இன்னும் அப்படியொரு நம்பிக்கை மிச்சமிருந்தது.

ஒரு காலையில் மனைவி கீழே போய்த் தபாலை எடுத்துக்கொண்டு, மூன்று மாடியும் ஒரே மூச்சில் ஏறி வந்தாள். கையில் ஒரு கடிதம், இடுப்பில் ஒரு வெள்ளைப் பெட்டி. உட்காராமலே உரக்கப் படித்தாள்:

"'மதிப்புக்குரிய குடும்பத்தாருக்கு, அண்மையில் நடந்த மறுஆய்வில் எமது துல்லியம் குடும்பவாரியாகக் கணக்கிடப்பட்டது. தங்கள் இல்லத்தில் ஒருவருக்கு உண்டு, ஒருவருக்கு இல்லை என்று அறிவித்திருந்தோம். குழாய் ஆய்வில் தங்கள் இல்லத்தில் ஒருவருக்கு இருந்தது, ஒருவருக்கு இல்லை. எனவே தங்கள் இல்லத்தைப் பொறுத்தவரை எமது துல்லியம் நூற்றுக்கு நூறு. இச்சாதனைக்காக எமக்கு மூன்றாவது கோப்பை வழங்கப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'"

முத்திரைக்காரர் கடிதத்தை எட்டிப் பார்த்தார். பிறகு, "மூணாவதை எங்க வச்சிருக்காங்கன்னு போட்டிருக்கா?" என்று கேட்டார்.

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பெட்டியை அவர் கையில் கொடுத்தாள். பழக்கதோஷம், அவர் அதை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார்.

"அது போடல. ஆனா இனிமே வீட்டுக்கு ஒரு பெட்டிதானாம்" என்றாள் அவள். "சொல்லுங்க, இந்தத் தடவை நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?"